அம்மாவின் சர்க்கரையும் ஐப்பசி ஈசலும்

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதமும் போனதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இல்லை. எழுதத் தெரிந்தவளாக நான் ஒருத்தி வந்தபோது கடிதம் போய் செல்போன் வந்துவிட்டது. போனில் அம்மா இரண்டே கேள்விதான் கேட்கும். “துன்னியா? எப்ப வர்ற?” மற்றதெல்லாம் நேரில்தான்.

கூட்டம், வழக்கு, மனு என்று அலைந்துகொண்டிருந்ததில் ஆறேழு மாதம் ஓடிவிட்டது. கடந்த ஐப்பசியில்தான் ஆறு நாள் சேர்ந்தாற்போல் ஊரில் இருக்க முடிந்தது. செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஏரிக்குக் கீழே இருக்கிற காலனி. போய் இறங்கிய அன்று ராத்திரிவரைக்கும் சேதிதான். தொகுப்பு வீட்டுக் கூரை மறுபடியும் பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. நைனா கட்டிலை அடுப்பங்கரைப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, ரெண்டும் கடா. பெரியம்மா மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். ஏரி முக்கால் நிறைந்துவிட்டது, இன்னொரு மழை அடித்தால் கோடி போகும். எல்லாம் சொல்லி முடித்து, பாயை உதறிப் போட்டுவிட்டு, விட்டுப்போன ஒன்றைச் சொல்வதுபோல அம்மா சொன்னது: “எனுக்கு சக்கர கீதாம்.”

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அந்தப் பத்துக் கோடியில் எங்கள் அம்மாவும் ஒருத்தி என்பது எனக்கு ஏனோ கொஞ்சநேரம் புரியவில்லை. பணக்கார வியாதி என்று கேட்டு வளர்ந்தவள் நான். அம்மாவுக்கு நாற்று நட்டும் களை பறித்தும் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்த தழும்பு. அந்தக் காலில் இப்போது முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை.

அரிசியைக் குறை, கேழ்வரகு சாப்பிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நைனா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டில் கூழைத் தவிர வேறில்லை. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அல்லது ஆண்டை வீட்டுக் கல்யாணத்தில் எல்லாரும் தின்ற பிறகு கொல்லைப்புறம் உட்கார்ந்தால் கிடைப்பது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். மூன்று வேளையும் சோறு என்பது எங்கள் தெருவுக்கு அவ்வளவு புதுசு. இப்போது சோற்றைக் குறை என்கிறார்கள். கேழ்வரகைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மாத்திரைக்குக் குறையில்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மகளிர் குழுக்களிலிருந்து ஆள் எடுத்தார்கள் அல்லவா, எங்கள் பக்கத்துக்கு எடுத்தது சின்னம்மா மருமகளை. சர்க்கரை பார்க்க ஒரு கருவி, பிரஷர் பார்க்க ஒரு கருவி, ஒரு நோட்டு, ஒரு பை. காலனியோடு சேர்த்து ஊர்த்தெருவுக்கும் அவள்தான் போக வேண்டும்.

மாத்திரையைத் திண்ணையில் வெச்சிட்டுப் போ என்கிறவர்கள் சிலர் அங்கே. மாத்திரை அட்டையை அப்படி வைத்துவிட்டு வரலாம். பிரஷர் பார்க்கக் கையில் பட்டியைச் சுற்ற வேண்டும். சுற்றினால் விரல் படாமல் இருக்காது. ஒரு பெரியவர், “போன மாசம் இருந்ததையே எழுதிக்கோ” என்பாராம். அவர் ஒரு நாள் ராத்திரி தலை சுற்றி விழுந்துவிட்டார். அவர் மருமகள் இவளைத் தேடிக் காலனிக்கே ஓடி வந்திருக்கிறாள்.

“தொட்டியா?” என்று கேட்டேன்.

“தொடாம எப்படி அண்ணி பாக்கறது? நல்லா இழுத்துக் கட்டனேன்.”

பேசிக்கொண்டே என் கையிலும் பட்டியைச் சுற்றிவிட்டாள். 150க்கு 96. பஸ் ஸ்டாண்டு புரோட்டாவும் மாநாட்டுத் தேநீரும் செய்த வேலை. “ஊரு நாயம் பேசறவளுக்கு ஒடம்பப் பாக்கத் தெரில” என்று அம்மா ஒரு பாட்டம் தீர்த்தது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குழம்பு, உப்பில்லாமல்.

மாத்திரையோடு தினம் அரைமணி நேரம் நடக்கவும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே நடப்பது? காலனியில் மூன்று சந்து. நல்ல ரோடு ஊர்த்தெரு வழியாக ஏரிக்கரைக்குப் போகிறது. அந்த ரோட்டில் அம்மா ஐம்பது வருஷம் நடந்திருக்கிறது, தலையில் சுமையோடு, வேலைக்குப் போகிறவளாக. அறுபது வயதுக்கு மேல் சேரிப் பொம்பளை ஒருத்தி கையை வீசிக்கொண்டு, தன் உடம்புக்காக அதில் நடப்பது வேறு. முதல் நாளே ஒரு திண்ணையிலிருந்து, “இன்னா, வாக்கிங்கா? பட்டணத்துப் பொண்ணு சொல்லிக் குட்த்துச்சா?” என்று கேட்டு இரண்டு மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து அம்மா ஒரு வெறுங்கூடையும் அருவாளும் எடுத்துக்கொண்டு போகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே அந்தத் திண்ணைக்குப் போகக் கிளம்பினேன். “நீ சும்மா கெட. எனுக்கு நடையும் ஆச்சி, ஆட்டுக்குப் புல்லும் ஆச்சி” என்றது அம்மா. நாலாம் நாள் காலையில் கூடவே போனேன். நான் கை வீசி நடந்தேன். அம்மா கூடையோடுதான் வந்தது.

இதையெல்லாம் எழுதுவதா என்று யோசித்தேன். நம் பத்திரிகைகளில் எரிந்த குடிசை வரும், வெட்டுப்பட்ட உடம்பு வரும், வர வேண்டும். ஆனால் படிக்கிறவர்களுக்கு நம் தெருவில் எப்போதும் ஒப்பாரி மட்டும்தான் கேட்கும் என்று தோன்றிவிட்டால் அதுவும் பொய். ஐப்பசி மழை விட்ட ராத்திரியில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். காற்றில்லாமல் புழுங்கினால் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். புற்று வாய்க்குப் பக்கத்தில் குழி வெட்டி விளக்கை வைத்தால் வெளிச்சத்துக்கு வந்து கொட்டும். அந்தக் காலத்தில் சிம்னி, இப்போது செல்போன் டார்ச். காயவைத்து, முறத்தில் புடைத்து, இறகைப் பறக்கவிட்டு, அரிசியோடு உப்புப் போட்டு வறுத்தால் வாசனை மூன்று சந்துக்கும் போகும். பள்ளிக்கூடத்துக்கு நான் அதைப் பாவாடை மடிப்பில் மறைத்துத்தான் எடுத்துப் போவேன். பார்த்துவிட்டால் ‘பூச்சி துன்றவ’ என்பார்கள்.

பிறகு எம்.ஏ. வகுப்பில் புறநானூறு வந்தது. 119ஆம் பாட்டு, கபிலர். பாரி நாட்டில் கார்மழை பெய்த பிறகு செம்புற்று ஈசலை மோரில் புளிக்கச் சமைத்ததைப் பாடுகிறார். பாடம் நடத்தியவர் ‘பண்டைத் தமிழர் உணவு’ என்று சொல்லி, அது இப்போது வழக்கில் இல்லை என்றார். போன வாரம் தின்றேன் என்று எழுந்து சொன்னேன். வகுப்பு சிரித்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தின்றால் பண்பாடு, போன வாரம் தின்றால் பூச்சி!

ஈசலாவது இன்னும் வருகிறது. நண்டு போய்விட்டது. சளி பிடித்தால் ஆயா வரப்பு வளையில் கைவிட்டு நாலு நண்டு பிடித்து, இடித்து ரசம் வைக்கும். முதலில் குருணை மருந்தில் செத்தது, பிறகு வயலே இல்லாமல் போனது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் அரசு ஆணை போட்டு நம் ஜனங்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கள் ஏரிக்குக் கீழேயும் உண்டு. இன்று அதில் பாதி பிளாட், கல் நட்டு கலர்க்கொடி கட்டியிருக்கிறது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் கேட்டுப் போனவர்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அன்றைக்கு நைனாவும் போயிருந்தார். இப்போது முட்டிவலியோடு வரப்பு இருந்த இடத்தைக் காட்டி, “இங்கதான்டி உங்க ஆயா நண்டு புடிக்கும்” என்கிறார். யாரோ ஒருத்தரின் காம்பவுண்டுச் சுவர் தெரிகிறது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை விட்டது. பிள்ளைகள் ஒரு குண்டான் நிறைய ஈசல் கொண்டுவந்தார்கள். காயவைத்து மறுநாள் வறுத்தோம். அன்று மாத்திரை கொடுக்க வந்த சின்னம்மா மருமகளும் உட்கார்ந்துவிட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அவளிடம் கேட்டது:

“ஏம்மே, ஈசல்ல சக்கர கீதா?”

“ஈசல்ல இல்ல அத்தே. கூட வறுத்த அரிசிலதான் கீது.”

அம்மா கொஞ்சநேரம் தட்டையே பார்த்தது. பிறகு அரிசியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஈசலை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. தள்ளிய அரிசியை நானும் நைனாவும் பங்கு போட்டுக்கொண்டோம்.