ஒரு வாக்குமூலத்துக்காக 510 கி.மீ... அமெரிக்காவின் `தனிமையான சாலை'யில் ஒரு பயணம்!

அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் ரீனோ நகரம். சூதாட்ட விடுதிகளின் விளக்குகள் மட்டும் அணையாமல் எரிகின்றன. ஒரு வீட்டு வாசலில் கார் கிளம்பத் தயாராகிறது. பின் சீட்டில் லேப்டாப், காபி ஃபிளாஸ்க், ஒரு கம்பளி, தண்ணீர் கேன். முன் சீட்டில் சின்னதாக ஒரு பெட்டி, குழந்தைக்குப் போடுவதுபோல சீட் பெல்ட் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் இருப்பது ஸ்டெனோ மெஷின். காரை ஓட்டப்போகும் பெண்மணிக்குச் சோறு போடுவது அதுதான்.

அவர் ஒரு ஃப்ரீலான்ஸ் `கோர்ட் ரிப்போர்ட்டர்'. நம் ஊரில் அப்படிச் சொன்னால் நீதிமன்றச் செய்தி எழுதும் பத்திரிகையாளர் என்று நினைப்போம். அமெரிக்காவில் அர்த்தமே வேறு. வழக்கில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் பேசப் பேசவே பதிவு செய்பவர்தான் அங்கே கோர்ட் ரிப்போர்ட்டர். சிலர் நீதிமன்றத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். மற்றவர்கள், அழைப்பு வரும் ஊருக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு ஓடும் ஃப்ரீலான்ஸர்கள். நெவாடா போன்ற பரந்த மாநிலத்தில் அப்படி ஒருவரின் வேலைநாள் எப்படி இருக்கும்? வாங்க, கூடவே போய்ப் பார்க்கலாம்.

வழியில் இரண்டே ஊர்!

இன்றைக்கு வேலை ஈலி என்ற ஊரில். காலை 10 மணிக்கு ஆரம்பம். ரீனோவிலிருந்து சுமார் 510 கி.மீ. ஏறக்குறைய சென்னையிலிருந்து கோவை போகிற தூரம். ஆனால் வழியில் வேலூரோ, சேலமோ, ஈரோடோ வராது. ஃபாலன் என்ற ஊரைத் தாண்டிவிட்டால், ஈலி வரை ஊர் என்று சொல்ல ஆஸ்டின், யுரேகா என இரண்டுதான். ஃபாலனிலிருந்து ஆஸ்டினுக்கே சுமார் 177 கி.மீ. எனவே ஃபாலனிலேயே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும்.

இந்தச் சாலையின் பெயர் யு.எஸ். 50. 1986-ல் `லைஃப்' பத்திரிகை இதை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. பார்க்க ஒன்றுமே இல்லை, போகாதீர்கள் என்கிற தொனியில் வந்த குறிப்பு அது. நெவாடாக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டத்தையே விளம்பரமாக்கி, வழியிலுள்ள ஊர்களில் முத்திரை வாங்கிக்கொள்ள ஒரு சின்னப் புத்தகமும் போட்டுவிட்டார்கள்!

உண்மையில் பார்க்க நிறைய இருக்கிறது. ஃபாலனைத் தாண்டியதும் இடது பக்கம் 600 அடி உயரத்துக்கு ஒரு மணல் மலை. காற்றில் மணல் சரியும்போது முனகுவதுபோல ஓசை கேட்கும். அப்புறம் ஒரு மலைக் கணவாய், இறங்கினால் தட்டையான ஒரு பள்ளத்தாக்கு, அதன் நடுவே நூல் பிடித்ததுபோல சாலை. மறுபடி கணவாய், மறுபடி பள்ளத்தாக்கு. கிழக்கு நோக்கிப் போவதால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. குளிர்காலத்தில் கணவாய்களில் பனி கொட்டும். கம்பளியும் தண்ணீரும் அதற்காகத்தான்.

ஆஸ்டின், ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். இப்போது மிகச் சில குடும்பங்கள்தான். 1979-ல் கவுன்ட்டியின் தலைமையிடமே வேறு ஊருக்குப் போய்விட்டது. யுரேகாவில் 1880-ல் கட்டிய ஓபரா ஹவுஸ் இன்னும் இருக்கிறது. கால்களை நீட்டி, காபியைக் குடித்துவிட்டு மறுபடி ஸ்டியரிங். ஈலிக்கு இன்னும் 124 கி.மீ.

தலையாட்டினால் பதிவாகாது!

ஈலி, தாமிரச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர். வேலை நடப்பது நீதிமன்றத்தில் அல்ல, ஒரு வக்கீல் அலுவலகத்தின் சிறிய அறையில். இதற்கு `டெபோசிஷன்' என்று பெயர். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, இரு தரப்பு வக்கீல்களும் சாட்சியைக் கேள்வி கேட்பார்கள். நீதிபதி இருக்க மாட்டார். சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைப்பதே ரிப்போர்ட்டர்தான்.

ஸ்டெனோ மெஷினில் 22 விசைகளே உண்டு. எழுத்து எழுத்தாக அடிக்காமல், ஆர்மோனியம்போலப் பல விசைகளைச் சேர்த்து அழுத்துவார்கள். இடது கை விரல்கள் முதல் மெய்யொலிக்கு, கட்டைவிரல்கள் உயிரொலிக்கு, வலது கை கடைசி மெய்யொலிக்கு. `பல்' போன்ற ஓர் அசை ஒரே அழுத்தில் விழுந்துவிடும். தேசிய அளவிலான அடிப்படைச் சான்றிதழுக்கு, கேள்வி பதில் பகுதியில் நிமிடத்துக்கு 225 வார்த்தைகளை 95 சதவிகிதம் பிழையில்லாமல் அடித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அவர் குறுக்கிட்டு நிறுத்தலாம். சாட்சி தலையாட்டினால் வாய் திறந்து சொல்லச் சொல்லலாம். அவ்வளவுதான் அவருக்குப் பேச்சு. விபத்தில் கணவரை இழந்த பெண் அந்த நாளை விவரிக்கும்போதும் விரல்கள் நிற்கக் கூடாது, முகமும் மாறக் கூடாது. வக்கீல்கள் ஒப்புக்கொண்டால்தான் பதிவு நிற்கும். அந்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதுவுமே சொல்லக் கூடாத ஒரே ஆள் அவர்தான்.

திரும்பும் வழிதான் ஆபத்து

மாலை 4 மணிக்கு வேலை முடிகிறது. இனிதான் கேள்வியே. தங்குவதா, கிளம்புவதா?

நள்ளிரவு முதல் காலை 6 மணி வரையும், பிற்பகல் கடைசியிலும்தான் தூக்கக் கலக்க விபத்துகள் அதிகம் என எச்சரிக்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். இவர் வந்ததும் போகப்போவதும் அதே நேரங்களில்! இருட்டியதும் மான்கள் சாலைக்கு வரும். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகளும் வரும்.

ஆனால் கணக்கும் இருக்கிறது. ஃப்ரீலான்ஸருக்கு முக்கிய வருமானம் டிரான்ஸ்கிரிப்ட் பக்கக் கணக்கில்தான். பயணப்படி, வேலை ரத்தானால் கிடைக்கும் தொகை எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தால்தான் உண்டு. 2025-ல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட் என வரிக் கணக்கில் செலவு காட்ட முடிந்தது. இந்தப் பயணத்துக்கு அது சுமார் 440 டாலர். அது கையில் வரும் காசு அல்ல, வருமானத்தில் கழியும் தொகை மட்டுமே. அறை வாடகையைப் பேச மறந்திருந்தால் அதுவும் சொந்தச் செலவு. அப்படியும் அனுபவசாலிகள் தங்கிவிடுவார்கள். கண் அசந்தால் வாடகை மிச்சமாகி என்ன பயன்?

இன்னொரு சுமையும் உண்டு. கேட்ட கதையை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. அடுத்த நாள் திரும்பும் ஐந்து மணி நேரமும் அந்தப் பெண்ணின் குரல் காரிலேயே கூட வரும்.

குதிரையும் தந்தியும்

இதே பாதையை ஒட்டித்தான் 1860-ல் `போனி எக்ஸ்பிரஸ்' தபால் குதிரைகள் ஓடின. கண்டத்தைக் கடக்கும் தந்திக் கம்பி 1861-ல் இணைந்ததும், 18 மாதங்களிலேயே அந்தச் சேவை மூடப்பட்டது. இப்போது ஸ்டெனோ ரிப்போர்ட்டர்களுக்கும் அந்தக் கவலை இருக்கிறது. டிஜிட்டல் ஒலிப்பதிவு வந்துவிட்டது. 2020 கொரோனாவுக்குப் பிறகு பல டெபோசிஷன்கள் வீடியோவில் முடிந்துவிடுகின்றன.

ஆனால், இரண்டு குரல் மோதும்போது நிறுத்தி, `மறுபடி சொல்லுங்கள்' என்று அந்த நொடியிலேயே கேட்க ஒரு மனுஷி அங்கே இருந்தார். சின்ன ஊரில் ஒரு பெண் சொன்னது, சொன்னபடியே பெரிய நீதிமன்றத்துக்குப் போகும்.

மறுநாள் பிற்பகல் ரீனோ. வாசலில் காரை நிறுத்தியதும் ஓடிய மைல்களை நோட்டில் குறித்துக்கொள்கிறார். சீட் பெல்ட்டைக் கழற்றி மெஷினைப் பத்திரமாக இறக்குகிறார். இனி அத்தனை பக்கங்களையும் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் வார்த்தைகள் இன்னொரு முறை அவரைக் கடந்து போகும்.