உப்புப் பார்க்கும் நாக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் மடைப்பள்ளியில் பொங்கலோ அக்காரவடிசலோ செய்கிறவர், இறக்குவதற்கு முன் ஒரு துளியைக்கூட நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. நைவேத்தியம் ஆகும்வரை அது யார் வாய்க்கும் போகக் கூடாது. சில கோயில்களில் வாசனைகூட ஏறிவிடக் கூடாதென்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கிறார்கள். அப்படியிருந்தும் மார்கழி 27, கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இனிப்பு தப்பிவிட்டது என்று முகம் சுளிப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: அளவு. இத்தனை படி அரிசிக்கு இத்தனை வெல்லம், இத்தனை பால், இத்தனை நெய். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்டதே அளவோடுதான். நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசல். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் ராமானுஜர் நிறைவேற்றியதாக வைணவ மரபு சொல்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, மிளகும் நெய்யும் தயிரும் இவ்வளவு என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். சமைக்கிற ஆள் மாறுவார், அவர் நாக்கும் மாறும். அதனால்தான் அளவைக் கல்லில் வெட்டினார்கள் என்று தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனால் காட்சி வேறு. ஆயிரம் இலைக்கு அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, மாஸ்டர் நக்கிப் பார்க்கிறார். சுற்றி நிற்கிற பையன்கள் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். “அண்ணாச்சி, உப்பு?” அவர் தலையசைத்தால் சரி, இல்லையென்றால் கரைத்து வைத்த கல்லுப்புத் தண்ணீர் இன்னொரு சொம்பு விழும். பையன்கள் பல வருஷம் கூடவே இருந்தாலும் ருசி பார்க்கிற உரிமை அவர்களுக்கு வருவதில்லை. அந்தக் குழுவுக்கு மொத்தத்தில் ஒரே ஒரு நாக்கு. அந்த நாக்கில்தான் முகூர்த்தங்கள் பிடிபடுகின்றன, முன்பணம் வருகிறது, பெயர் நிற்கிறது.

அந்த நாக்கில் நோய் வந்தால்?

2007 ஜூலையில் கிரான்ட் ஆகெட்ஸ் என்ற அமெரிக்கருக்கு இந்தக் கேள்வி வந்தது. அவருக்கு அப்போது வயது 33. சிகாகோ நகரில் 2005 மே மாதம் அவர் தொடங்கிய அலினியா உணவகத்தை, அடுத்த ஆண்டே ‘கோர்மே’ இதழ் அமெரிக்காவின் முதல் உணவகமாக அறிவித்திருந்தது. அவருடைய நாக்கில் சில வருஷங்களாகவே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. வேலை நெருக்கடியில் தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்கிறார் என்று நினைத்து, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை கொடுத்திருந்தார்கள். கடைசியில் சதையைக் கிள்ளிப் பரிசோதித்தபோது அது நாக்குப் புற்றுநோய், நான்காம் கட்டம், கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்தது. நாக்கின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பதுதான் வழி என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

அவர் வேறு வழி தேடினார். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் எவரெட் வோக்ஸ் தலைமையிலான குழு, முதலில் மருந்து, பிறகு மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்து, அறுவையைக் கழுத்தோடு நிறுத்திக்கொள்வது என்ற முறையைப் பரிசோதித்துவந்தது. அதில் சேர்ந்தார். நாக்கு தப்பியது. 2007 டிசம்பரில் புற்றுநோய் இல்லை என்று அறிவிக்கவும் முடிந்தது. ஆனால் இடையில் ருசி முழுதாகப் போயிருந்தது.

கதிர்வீச்சு ஏன் ருசியை அழிக்கிறது என்பது சமைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நாக்கின் சுவை செல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நாள்தான் உயிரோடு இருக்கும். பழையது உதிர உதிரப் புதியது முளைக்கும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு முதலில் தாக்கும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான், சுவை மொட்டைப் புதுப்பிக்கிற செல்லும் அப்படித்தான். அதனால் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே ருசி மங்கத் தொடங்குகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வாடிவிடுகின்றன. உப்பும் புளியும் எச்சிலில் கரைந்தால்தான் மொட்டுக்குள் போகும். வாய் வறண்டால் மிஞ்சியிருக்கும் மொட்டுக்கும் வேலை இல்லை. சில மருந்துகள் வாயில் இரும்புச் சுவையை ஏற்றிவிடும். வாயெல்லாம் புண்ணாகும்.

இன்னொரு கொடுமையும் இதில் உண்டு. காரம் என்பது நாக்கின் சுவை மொட்டு அறிகிற விஷயமே இல்லை. சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்புகள்தான் மிளகாயை அறிகின்றன. இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். எனவே சிகிச்சையில் இருப்பவருக்கு உப்பு தெரியாது, புளிப்பு தெரியாது. காரம் மட்டும் நெருப்பாகத் தெரியும். கரிசல் பக்கத்துக் காரக்குழம்பை அந்த நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது சித்திரவதை.

ஆகெட்ஸ் அந்த மாதங்களில் சமையலறையை விட்டு ஒதுங்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்விட்டுக் கடைக்கு வந்தார். புதுப் பண்டங்களை மனதில் கூட்டிப் பார்த்துக் காகிதத்தில் வரைந்தார். ருசி பார்க்கும் வேலையைத் தன்னிடம் பழகிய சமையல்காரர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் சுவைத்துச் சொல்வார்கள்; அவர் கேட்பார்; திருத்தச் சொல்வார். 2008 ஜூனில் அமெரிக்காவின் தலைசிறந்த சமையல்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தபோது, ருசி இன்னும் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை.

திரும்பி வந்த விதம் இன்னும் வியப்பானது. முதலில் இனிப்பு வந்தது. மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வளர்ந்த ஆளுக்கு, அதுவும் கவனித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு சமையல்காரருக்கு, இது நடந்தது. இனிப்போடு உப்பு சேரும்போது என்ன ஆகிறது, கசப்பு வந்ததும் இனிப்பு எப்படி இடம் மாறுகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்ததால் சுவைகளின் உறவு தனக்கு முன்பைவிடத் தெளிவாகப் புரிந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2010இல் சிகாகோவுக்கு முதன்முறை மிஷெலின் கையேடு வந்தபோது அலினியாவுக்கு மூன்று நட்சத்திரம். 2011இல் தன் கதையைக் கூட்டாளி நிக் கொக்கோனஸுடன் சேர்ந்து புத்தகமாக எழுதினார்.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடாது. மாலி பர்ன்பாம் என்ற இளம்பெண் சமையல் கல்லூரியில் சேரக் காத்திருந்தார். 2005இல் பாஸ்டனில் கார் மோதியதில் தலையில் அடிபட்டு மோப்ப நரம்பு அறுந்தது. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. உப்பு, இனிப்பு எல்லாம் தெரிந்தது. ஆனால் சாப்பாட்டின் பெரும்பகுதி காணாமல் போனது, ஏனென்றால் நாம் ருசி என்று சொல்வதில் அதிகப் பங்கு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. அவர் சமையல் தொழிலுக்குப் போகவில்லை, எழுத்தாளர் ஆனார். கொரோனாக் காலத்தில் இந்த இழப்பு என்னவென்று வீடுதோறும் தெரிந்துகொண்டோம். ரசம் வெந்நீராக இருந்தது.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்மூர் அடுப்படிக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. நம் சமையலில் நாக்குக்கு உள்ள வேலை, நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைக் கவனித்தால் இது தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. உள்ளே இருப்பது பாலும் சீனியும் மட்டும்தான். அகலச் சட்டியில் பால் கொதித்து வற்றுகிறது. துடுப்பு ஓயாமல் சுற்றுகிறது. முதலில் பெரிய கொப்புளங்கள், சத்தம் அதிகம். நீர் குறையக் குறையக் கொப்புளம் சிறுத்து, சத்தம் தடித்து, ஆவி மெலிகிறது. வெள்ளை மங்கி இளம்பழுப்பு ஏறுகிறது. சட்டியின் ஓரத்தை விட்டுக் கோவா விலகி வருகிற அந்தக் கணத்தைக் கையின் கனம் சொல்கிறது. சீனி அளந்து போட்டது. இதில் நாக்குக்கு எங்கே வேலை? அடிபிடித்தால்கூட மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும்.

கல்யாணச் சமையலும் பாதிக்கு மேல் இப்படித்தான். கடுகு வெடிப்பதைக் காது கேட்கிறது. புளித்தண்ணீரின் பச்சை வாசனை போவதும், மசாலாவின் பச்சை வாசனை போவதும், பெருங்காயம் எண்ணெயில் பொரிவதும் மூக்குக்குத் தெரிகிறது. எண்ணெய் பிரிந்து மேலே வருவதையும் பருப்பு மலர்ந்திருப்பதையும் கண் பார்க்கிறது. கதிர்வீச்சுக்குப் போனவருக்குப் பெரும்பாலும் மூக்கு நாக்கைவிட நன்றாக இருக்கும். நாக்கை மட்டுமே நம்பியிருப்பவை இரண்டு: உப்பும் புளிப்பும்.

உப்பை எடை போட்டுவிடலாம். குழம்பு, சாம்பார் வகைகளுக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உப்பு இருந்தால் பெரும்பாலோர் வாய்க்குச் சரியாக இருக்கும். நூறு லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று தொடங்கலாம். கையளவும் கரண்டியளவும் இங்கே ஏமாற்றும், ஏனென்றால் ஒரே கரண்டியில் பொடியுப்பு கல்லுப்பைவிட அதிகம் பிடிக்கும். தராசு ஏமாற்றாது. புளிப்புதான் கஷ்டம். புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் வித்தியாசம், தக்காளி நாளுக்கு ஒரு மாதிரி, தயிர் மணிக்கு ஒரு மாதிரி. இதற்கு இன்னொரு ஆளின் நாக்கு வேண்டும்.

அந்த இன்னொரு நாக்கை முன்கூட்டியே வளர்த்திருந்ததால்தான் ஆகெட்ஸ் தப்பினார். நம் மாஸ்டர்கள் பலர் வளர்ப்பதில்லை. பையனுக்கு ருசி பிடிபட்டால் தனியாகத் தொழில் தொடங்கிவிடுவான் என்ற பயம் உண்டு. அந்தப் பயம் நியாயமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கைத்தொழிலைக் கற்றுக்கொடுப்பதில் உப்புப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்ததுதான். மாஸ்டரும் பையனும் ஒரே சொட்டைச் சேர்ந்து பார்த்து, என்ன குறைகிறது என்று முதலில் பையன் சொல்ல வேண்டும். ஒரு முகூர்த்த சீசன் இப்படிப் பழகினால் பையன் நாக்கு மாஸ்டர் நாக்கோடு ஒத்துவரத் தொடங்கும்.

முழுக்க ருசி போனவரைவிட அரைகுறையாகப் போனவரால்தான் ஆபத்து அதிகம். ஒன்றுமே தெரியாதவர் அடுத்தவரைக் கேட்பார். மங்கிப்போன நாக்கோ தான் சரியாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பந்தியில் யாரோ சொன்ன பிறகுதான் தெரியவரும். வயதாகும்போதும் இது நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் ருசியை மாற்றுகின்றன. இதை மறைப்பதில் வெட்கம் பெரிதாக இருக்கிறது. கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிற ஊரில், நாக்கு மங்கியது என்று சொல்ல ஒரு சமையல்காரரால் முடியாமல் இருப்பது வருத்தமான விஷயம். சொன்னவரைக் கைவிடாத குழு இருந்தால் அவர் சொல்வார்.

நோய் வருகிற வழியையும் பேசியாக வேண்டும். அடுப்படியில் வெற்றிலை, பாக்கு, புகையிலை சாதாரணம். விடிய விடிய வேலை. தூக்கத்தை விரட்ட வாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் எண்ணிக்கையில் முதல் இடத்தில் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை மட்டும்தானே கெடுதல், பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாஸ்டர்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை, கழுத்தில் வலிக்காத கட்டி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மாசிக்காயை உரசிப் போட்டுக்கொண்டு அடுத்த முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சதைப் பரிசோதனை சின்ன வேலை. முதல் கட்டத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் நாக்கின் ஓரத்தில் சிறு பகுதியை எடுப்பதோடு முடிந்துவிடும், ருசியும் பெருமளவு தங்கும். ராஜபாளையத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை சுமார் 85 கிலோமீட்டர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். ஆடி மாதம் கல்யாணங்கள் இல்லாத நேரம். குழுவில் இருக்கும் அத்தனை பேரும், பாத்திரம் கழுவுகிறவர் உட்பட, ஒருநாள் சேர்ந்து போய் வாயைக் காட்டிவிட்டு வரலாம்.