மரியாதையான ஒரு நோய்

இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மட்டும், "வேற ஏதாவது டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் நான். கரும்பலகையில் எழுதும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சில நாள் வீட்டில் சும்மா சாய்ந்திருக்கும்போதுகூட, ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கும். கைகால் உதறும். உள்ளங்கை வேர்த்துச் சாக்பீஸ் நழுவும். விரல் நுனிகள் மரத்துப்போகும். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாது. சாகப்போகிறோம் என்பதில் அந்த நேரத்தில் துளிச் சந்தேகமும் இருக்காது. பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். அன்றைக்கு மீதிப் பொழுது எதற்கும் லாயக்கில்லாமல் போகும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா, காத்து கருப்பு என்று பள்ளிவாசலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். மாமனார் வாயு என்றார், பூண்டுப்பால் வந்தது. ஸ்டாஃப் ரூமில் சுகர் இறங்கியிருக்கும் என்று சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டாக்டர்கள் முறைப்படி இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ரத்தச் சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். கடைசியில் 24 மணி நேரத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மார்பில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் இதை உருவாக்கியபோது முதுகில் மூட்டையாகச் சுமக்கவேண்டி இருந்ததாம். இப்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. நல்லவேளையாக அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்பில் அது வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்தப் படபடப்புக்கு நடுவிலும் 'மாட்டிக்கிட்டியா' என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஹோல்டர் ரிசல்ட் வாங்க மட்டும் தனியாகப் போனேன். டாக்டர் பதிவைத் திருப்பிக் காட்டினார். துடிப்பு 130க்குப் போயிருந்தது. ஆனால் பிறக்கவேண்டிய இடத்தில்தான் பிறக்கிறது, போகவேண்டிய வழியில்தான் போகிறது, வேகம் மட்டும்தான் கூடியிருக்கிறது என்றார். நாலு மாடி ஓடி ஏறினால் யாருக்கும் இப்படித்தான் இருக்குமாம். "இது பேனிக் அட்டாக் சார். ஒரு மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்து டைரி உறைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "ஏங்க, என்ன சொன்னாரு?"

"இன்னும் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்றாரு" என்றேன்.

நெஞ்சுவலிக்காரனுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நாற்காலி இழுத்துப் போடுவார்கள், அவன் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மனசு சரியில்லாதவனுக்கு என்ன கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் கொடுத்தவனே நான்தான். ஸ்டாஃப் ரூமில் யாராவது கொஞ்சம் முன்னுக்குப்பின் பேசினால், "கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் போட்டுடலாமா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தவன். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தை வசவாக்கி வைத்திருந்தோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் தீயில் இறந்த செய்தியைப் படித்து உச்சுக்கொட்டியதும் இதே வாய்தான்.

அதனால் எனக்கு இதய நோய் வேண்டியிருந்தது. தேடித்தேடிப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற சிப்பாய்களுக்கு இதே படபடப்பு வந்ததை ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதியிருக்கிறார். அதற்குப் 'போர்வீரன் இதயம்' என்றே ஒரு பெயர் வழங்கியது. அந்தப் பெயர் கிடைத்திருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பேன். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பேனிக் கோளாறு என்று இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப்போனேன்.

நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது 1997இல் வந்த ஓர் ஆய்வை. எஸ்.வி.டி. என்று ஒரு கோளாறு உண்டு. இதயத்துக்குள் மின்னோட்டம் குறுக்குவழியில் சுற்றிச்சுற்றி வந்து, துடிப்பு திடீரென்று 150, 200 என்று எகிறும். அந்தக் கோளாறு உள்ள 107 பேரை ஆராய்ந்ததில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது பிடிபடவே இல்லை. அவர்களில் பலருக்குப் பதற்றம், மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், ஆண்களைவிடப் பெண்களை அதிகமாக. உண்மையில் அது டாக்டர்களுக்கான எச்சரிக்கை. எத்தனையோ பெண்கள் இன்றும் 'டென்ஷன்மா, டீ காபியைக் குறைங்க' என்ற ஒற்றை வரியோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பயன்படவேண்டிய ஆய்வை நான் என் வறட்டுக் கௌரவத்துக்குப் பிரிண்ட் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு அடுத்த இதய டாக்டரிடம் வாதாடினேன்.

அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். எஸ்.வி.டி. சுவிட்ச் போட்ட மாதிரி வந்து, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். உங்களுக்குப் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்குகிறது. வந்த நேரத்திலேயே பதிவும் ஆகிவிட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். பதில் இல்லை. அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "நடந்தா நெஞ்சு வலிக்குது சார். இடது கை வரைக்கும் இறங்குது."

அப்படி ஒரு வலி எனக்கு வந்ததே இல்லை. எதைச் சொன்னால் என்ன டெஸ்ட் எழுதுவார்கள் என்பது படித்துப்படித்து எனக்குப் பாடமாகி இருந்தது. அப்பா மாரடைப்பில் போனவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆஞ்சியோகிராம் எழுதினார். அது ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கிற சோதனை, என் நடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பணம் அண்ணன் கட்டினார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவந்த சீட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்து, வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்திருந்தார். அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கட்டிலருகே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்பா மாதிரி நீயும் போயிடுவியோன்னு பயந்துட்டேன்டா தம்பி." கட்டிலுக்கு அடியில் இருந்த பையில் டைரி, டைரி உறைக்குள் அந்தச் சீட்டு. நானும் அழுதேன். எல்லாரும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் உறவில் நான் 'ஹார்ட் பேஷண்ட்'தான். தேர்தல் வேலை வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். துக்க வீடுகளுக்கு மனைவியை மட்டும் அனுப்பினேன். காஸ் சிலிண்டர் தூக்குவதிலிருந்து ரேஷன் வரிசை வரை அவள் தலையில் விழுந்தது. பாதி நாள் என் பயம் உண்மை. மீதி நாள் வெறும் சோம்பல். எந்த நாள் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் எழுதவேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. பிளஸ் ஒன் தேர்வன்று ஒரு மாணவி பேனாவைப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அது என்ன என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "படிக்காம வந்துட்டு நடிக்காதே" என்றேன். கருணை காட்டினால் என் குட்டு உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவள் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஏதோ பழைய ரசீதைத் தேடியபோது மனைவி கையில் அந்தச் சீட்டு சிக்கியது. கத்தவில்லை. "உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டறதுக்கு முந்தின தேதியாச்சே இது?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல ஓ.பி.யில் வரிசையில் நின்றேன். முன்னால் டிபன் கேரியரோடு ஒரு அம்மா, பின்னால் காக்கிச் சட்டையில் ஒரு கண்டக்டர். தெரிந்த முகம் ஏதாவது வந்துவிடுமோ என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தேன்.

உள்ளே இருந்த டாக்டர் என்னை நோயாளியாக அல்ல, கணக்கு வாத்தியாராக நினைத்து விளக்கினார். துரத்துகிறவன் யாரும் இல்லாமலே உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு ஏறுகிறது, ஓடாத கால் உதறுகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகிறது. அதைப் பார்த்துச் சாவு என்று நாம் பயப்பட, பயத்துக்கு மேலும் அட்ரினலின். மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம், நிறுத்திவிடாதீர்கள் என்றார். உளவியலாளர் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டார், நின்ற இடத்திலேயே ஓடச்சொன்னார். நெஞ்சு வேகமாக அடிப்பதும் சாவதும் ஒன்றல்ல என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி. வயிறு குலுங்க ஓடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இப்போதும் எப்போதாவது வருகிறது. உட்கார்ந்துகொண்டு அது போகும்வரை காத்திருக்கிறேன். யாருக்காவது இப்படி வந்தால் முதலில் இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்க்கத்தான் வேண்டும், அதில் நான் தப்புச் செய்யவில்லை. பதில் கிடைத்த பிறகும் எனக்குப் பிடித்த பதிலுக்காக அடுத்தவர் பணத்தில் அலைந்ததுதான் தப்பு. ராத்திரியில் துணைக்கு ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

அண்ணனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். "எதுக்குடா இது?" என்று போனில் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.