உறைபனியில் ஒரு கோழிக்கொட்டகை

'மலைக்குளிரைக் கோழி தாங்குமா?' என்று வாசகர்கள் கேட்கிறார்கள். தாங்கும். தாங்காதது ஈரத்தைத்தான்.

ஊட்டிக்கு அருகே கேத்தி பள்ளத்தாக்கில், ஜனவரி விடியலில் கேரட் தோட்டங்கள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்துப் பயந்து, கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன். கோழிகளின் மூச்சும் எச்சமும் உள்ளேயே ஈரமாகத் தேங்கின. காலையில் கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் கரித்தது. 12 கோழிகளில் 5 கோழிகள் சளி பிடித்துச் செத்தன.

"கூரைக்குக் கீழ காத்துக்கு வழி விடுங்க தம்பி. கோழி மேலதான் காத்து அடிக்கக் கூடாது" என்றார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. அதன்படி, கோழிகள் அடையும் கழிக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட்டேன். தரையில் அரையடிக்கு மர இழைப்புச் சுருளைப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட்டேன். நெடி போனது.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். மூடிய கொட்டகைக்குள் கரியடுப்பு வைக்காதீர்கள். அதன் நச்சுக்காற்று கொல்லும். புதிதாகத் தொடங்குபவர்கள், பனி விலகிய மார்ச்சில் தொடங்குங்கள்.

அடுத்த ஜனவரியிலும் தோட்டம் வெளுத்துத்தான் கிடந்தது. கதவைத் திறந்தேன், ஏழும் இறங்கி வந்தன.