பேத்தியின் முதுகில் ஒரு கட்டி

என் பேத்தி பிறந்தபோதே அவள் முதுகின் அடியில், நடுவில், எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தது. "பெரிய டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அப்போதே சொன்னார்கள். நாங்கள்தான் தள்ளிப் போட்டோம். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது என் மனைவி, "கொழுப்புக் கட்டிதானே, தானா கரைஞ்சிடும்" என்பாள். எனக்கும் முழங்கையில் அப்படி ஒன்று நாற்பது வருஷமாக இருக்கிறது. நானும் ஆமாம் போட்டேன்.

ஐந்து வயதில், படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட குழந்தை மறுபடியும் நனைக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்திலும் பாவாடை ஈரமானது. "இவ்வளவு பெரிய பெண் ஆகியுமா?" என்று நான் அதட்டினேன். ஒருநாள் செருப்புக் கடைக்காரர், "ஐயா, பாப்பாவுக்கு இடது பாதம் சின்னதா இருக்கே" என்றார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்த நரம்பு அறுவை சிகிச்சை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருவில் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை இருக்குமாம். எலும்பு வேகமாக வளர்வதால், அதன் நுனி கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளின் அருகே நின்றுவிடும். என் பேத்திக்குக் கொழுப்பு உள்ளே போய்த் தண்டுவடத்தோடு ஒட்டியிருந்தது. முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அது மேலேற முடியவில்லை. பிள்ளை உயர உயர நரம்பு இழுபடுகிறது. சிறுநீர்ப்பையும் காலும் பாதிக்கப்படுகின்றன. குழந்தை வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவர் சொன்னபோது நான் தலை குனிந்தேன்.

வெளியே தெரியும் கட்டியை மட்டும் வெட்டினால் போதாது. நுண்ணோக்கி வைத்து, தண்டுவடத்தைக் கொழுப்பின் பிடியிலிருந்து விடுவித்தார்கள். சிறுநீர்ப் பிரச்சினை பெருமளவு சரியானது. பாதம் சின்னதாகவே நின்றுவிட்டது. தண்டுவடம் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், பன்னிரண்டு வயதாகும் அவளை இன்றும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம்.

முன்பே காட்டியிருந்தால் கண்காணித்திருப்பார்கள். மாறுதல் தெரிந்ததுமே கவனித்திருப்பார்கள்.

பேரன் பேத்திகளைக் குளிப்பாட்டும் பெரியவர்களே, முதுகின் அடியில் நடுவே கட்டியோ, முடிக்கற்றையோ, பிட்டப் பிளவுக்கு மேலே குழியோ, சிவந்த திட்டோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தால் அதட்டாதீர்கள்.

அன்று அதட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்ல தாத்தா" என்றாள். எனக்கு இருக்கிறது.