மியூட் போட்டுப் பாருங்க

மக்களே, நேத்து ஓ.பி.யில் நடந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

1/ அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பத்து வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை எடுத்தவங்க, மூணு மாசமா மொத்தமா நிறுத்திட்டாங்க. வெறும் வயித்துல சர்க்கரை 312. பாதத்தில் ஆறாத புண்.

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"டிவில வர்ற பொடி சாப்பிடுறேன் சார்."

"அதுல என்ன இருக்குன்னு சொன்னாங்க?"

யோசிச்சாங்க. ஒண்ணும் ஞாபகம் வரல. "ஒரு புல்லாங்குழல் வரும் சார்... அதைக் கேட்டாலே நம்பிக்கையா இருக்கும்."

2/ சிரிக்காதீங்க. நாமளும் இதே கதைதான். டைட்டன் வாட்ச் விளம்பர இசை ஞாபகம் இருக்கா? கேட்டதும் பரிசு, பாசம், குடும்பம்னு தோணும். அது மொஸார்ட் 1773ல், தன் 17 வயசுல எழுதிய 25ஆம் சிம்பொனி. மூலத்தைக் கேட்டால் ஒரே படபடப்பு. 1984ல் வந்த 'அமேடியஸ்' படத்தில், கழுத்தை அறுத்துக்கொண்ட முதியவரை ரத்தத்தோடு தூக்கிப் போகும் காட்சிக்கு அதே இசைதான்!

3/ ஒரே இசை. அங்கே பதற்றம், இங்கே பாசம். எப்படி? பாவ்லோவின் நாய்தான். சாப்பாட்டோடு ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறும். நமக்குச் சத்தத்துக்கே நம்பிக்கை ஊறுகிறது.

4/ அடுத்த முறை கவனிங்க. வலியால் துடிப்பவரைக் காட்டும்போது கனமான, இழுவையான இசை. பொருள் வந்ததும் நிறம் மாறும், குழல் வரும். வியாதி குணமானதை உங்க காதுதான் முதலில் நம்பும்.

5/ நம்ம நாட்டில் 1954லேயே சட்டம் வந்தாச்சு. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்னு மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. ஆனா வாயால் சொன்னால்தானே தப்பு? இசையால் சொல்லிடலாமே! அமெரிக்காவில் டாக்டர் சீட்டு மருந்துக்கே டிவி விளம்பரம் உண்டு. பக்கவிளைவுகளைச் சொல்லும்போது அதைப் புரியவிடாமல் செய்யும் ஒலியோ காட்சியோ கூடாதுன்னு அங்கே 2023ல் விதி கொண்டுவந்தாங்க. இசைக்கு எவ்வளவு பலம்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு.

6/ ராத்திரி எனக்கு உறுத்தியது வேற. அந்த அம்மாவுக்கு நான் போன தடவை எத்தனை நிமிஷம் கொடுத்தேன்? ரெண்டு இருக்கும். சீட்டிலிருந்து தலை நிமிர்ந்தேனா? தெரியல. டிவி தினமும் அவங்ககிட்ட இதமா பேசியிருக்கு. நான் பேசல.

7/ இன்சுலின் ஆரம்பிச்சாச்சு. புண்ணுக்குக் கட்டு போட்டாச்சு. காலைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன்.

உங்க வீட்டுப் பெரியவங்களோட உட்கார்ந்து, மருந்து, சத்துமாவு விளம்பரம் எதையாவது ஒரு தடவை மியூட்ல பாருங்க. இசை போன பிறகு என்ன மிச்சம் இருக்குன்னு கேளுங்க.

மாத்திரையை நிறுத்தணும்னு தோணினா, முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க. எங்க ஓ.பி.யில் புல்லாங்குழல் கிடையாது. இனிமே நிமிர்ந்து பார்த்துப் பேசுறேன்.