காகேத்தியில் தாழி வனைவோர்

திராட்சைத் தோட்டப் பிரதேசங்களுக்கு உல்லாசப் பிரயாணம் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், யோசனை பண்ண உட்காரும்போதே, ஒரு நாளைக்கு எத்தனை மதுச்சாலைகளைப் பார்த்து முடிக்கலாம், ஒவ்வொன்றிலும் எத்தனை ரகங்களை ருசி பார்க்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓய்வை நாடிப் போனவர்கள் ஐந்தாவது நிலவறையில் ஐந்தாவது வழிகாட்டி சொல்லும் அதே விவரங்களை நின்றபடியே கேட்டுவிட்டுக் கால் கடுக்க விடுதிக்குத் திரும்புகிறார்கள். பிரான்ஸ், இத்தாலி தேசங்களிலும், நம் மகாராஷ்டிரத்து நாசிக்கிலும்கூட, இந்த விநோதத்தைக் காணலாம். நிதானமாகப் பொழுது கழிக்க விரும்புகிறவர்கள் மதுவைச் சற்று மறந்து, அது விளையும் பாத்திரத்தைத் தேடிப் போவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தில் என் சொந்தச் சௌகரியமும் கலந்திருக்கிறது என்பதை ஒளிப்பானேன்? நான் மது அருந்துகிற வழக்கம் இல்லாதவன். குடிக்காதவனுக்கு மதுநாட்டில் என்ன ஜோலி என்று சிநேகிதர்கள் பரிகாசம் செய்தபோது, ஜார்ஜியா தேசத்துக் குயவர்களைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

காக்கேசிய மலைகளின் தென்புறத்தில், கருங்கடலுக்குக் கிழக்கே கிடக்கிற அந்தச் சிறிய தேசத்தில், திராட்சை மதுவை மரப் பீப்பாயில் வைப்பதற்கு முன்பாகவே மண் தாழியில் வைத்தார்கள். தலைநகரான திபிலீசிக்குத் தெற்கே, சுலாவெரி முதலிய புதிய கற்காலக் குடியிருப்பு மேடுகளைத் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் ரசாயன அடையாளங்கள் இருப்பதை 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஓடுகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. இன்றைக்கும் அங்கே குவெவ்ரி என்ற பெரிய மண் தாழியைக் கழுத்து வரையில் பூமியில் புதைத்து, அதற்குள்ளேயே மதுவைப் பக்குவப்படுத்துகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த முறையை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் புட்டியின் மேல் தோட்டத்தின் பெயரும், திராட்சை வகையின் பெயரும், முதலாளியின் பெயரும் அச்சாகின்றனவே தவிர, தாழியை வனைந்தவனுடைய பெயரை நான் பார்த்த எந்தப் புட்டியிலும் காணவில்லை.

பிரயாணத்துக்கு எந்த மாதம் உகந்தது என்ற கேள்விக்கு, செப்டெம்பர் நடுவில் என்று தயக்கமின்றிச் சொல்லுவேன். கிழக்குப் பிராந்தியமான காகேத்தியில் ருத்வேலி என்னும் திராட்சை அறுவடை அப்போது தொடங்கி, அக்டோபர் நடு வரையில் நடக்கிறது. அறுவடைக்குள் தாழி வேண்டும் என்று கேட்கிறவர்களின் நெருக்கடியால் சூளைகளும் அந்தச் சமயத்தில் ஓய்வதில்லை. ஆகவே ஒரே பிரயாணத்தில் மண்ணையும் பழத்தையும் பார்த்துவிடலாம். பனிக்காலத்தில் போனால் ஈர மண் காயாது என்று குயவர் வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்திருப்பார். அவரோடு பேசிக்கொண்டிருக்கலாம், வேலையைப் பார்க்க முடியாது. தங்குவதற்குத் தெலாவி நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விருந்தாளிகளுக்கு அறை கொடுக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. சிக்னாகி என்ற மலை மேல் நகரம் அழகுக்குப் பிரசித்தமானது; ஆனால் சிங்காரித்துக்கொண்டு யாத்திரிகர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர்களில் எனக்கு அதிகப் பிடிப்பு இல்லை. ஒரு பகல் அங்கே போதும்.

திபிலீசியிலிருந்து தெலாவிக்குக் கொம்போரி கணவாய் வழியாகப் போவது குறுக்கு வழி. காட்டு மரங்கள் அடர்ந்த வளைவுகளில் ஏறி மறுபுறம் இறங்கும்போது அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரேயடியாகக் கண்முன் விரிகிறது. அதற்கு அப்பால் மதில் எழுப்பியதுபோல் நிற்கும் காக்கேசியச் சிகரங்களுக்குப் பின்னால் இருப்பது ருஷ்யாவின் தாகெஸ்தான். தெலாவிக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது வர்திசுபானி. தாழி வனைகிற தொழில் இன்னமும் அழியாமல் இருக்கும் ஊர்களில் இது ஒன்று. மேற்கே இமெரெத்தி, குரியா பிராந்தியங்களிலும் சில ஊர்களில் இத்தொழிலைச் செய்துவருகிறார்கள்.

நான் போன பட்டறையின் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தாழிகள் சில கவிழ்ந்தும் சில சாய்ந்தும் கிடந்தன. உள்ளே, தகரக் கூரையின் கீழே, பல தாழிகள் பல பருவங்களில் நின்றன: ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பளவு, ஒன்று தோளைத் தாண்டிவிட்டது. ஏன் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றை எடுப்பதில்லை என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருந்த இளைஞர் மூலமாகக் கேட்டேன். அறுபது வயதைக் கடந்த அந்தக் குயவர் பதில் சொல்லாமல், இடுப்பளவு நின்ற தாழியின் விளிம்பில் என் விரலைப் பிடித்து வைத்து அழுத்தினார். மண் சில்லென்று குழைந்தது. இந்த ஈரம் இறுகாமல் மேலே மண்ணை ஏற்றினால் பாரம் தாங்காமல் அடிச்சுவர் பிதுங்கிவிடும். ஆகையால் ஒரு தாழிக்கு ஒரு நாளில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகவே ஏற்ற முடியும். அது காய்கிற நேரத்தில் அடுத்த தாழிக்குப் போவார், பிறகு அதற்கு அடுத்ததற்கு. பெரிய தாழி ஒன்று ஆரம்பித்ததிலிருந்து சூளைக்குப் போகிற வரையில் இரண்டு மூன்று மாதங்கள் ஆகிவிடுகின்றன.

சக்கரம் கிடையாது. தாழி ஓரிடத்தில் நிற்க, வனைகிறவர்தான் அதைச் சுற்றி நடக்கிறார். பிசைந்த மண்ணைக் கைத்தடிமனுக்கு உருட்டிய திரியை இடது தோளில் போட்டுக்கொண்டு, அதன் நுனியை விளிம்பின் மேல் வைத்து வலது கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே பின்புறமாக அடியெடுத்து வைத்துப் போகிறபோது, அந்த மனிதருடைய முழங்கையிலும் முதுகிலும் ஒரு தாளம் இருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் மரத்தகட்டால் உள்ளும் புறமும் தேய்த்துச் சமப்படுத்துவார். அடியிலே கூராகத் தொடங்கி, மெல்ல மெல்ல அகன்று, தோளருகே மறுபடியும் குறுகி வருகிற முட்டை வடிவத்துக்கு அளவுகோல் எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், திரும்பி வந்து ஏதோ ஓரிடத்தைத் தட்டுவார். எந்த இடத்தை எதற்காகத் தட்டினார் என்பது எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்து வேளார்கள் ஐயனார் குதிரையை வனைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. அங்கேயும் பெரிய உருவத்தை உள்ளீடற்றதாக, கையாலேயே, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்டு மறுபடியும் ஏற்றுகிறார்கள். ஆனால் நம்முடைய குதிரைகளை வைக்கோலும் விறகும் மூடிச் சுட்டு எடுத்துவிடலாம். நிறைய மதுவைத் தாங்கி மண்ணுக்கடியில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்க வேண்டிய தாழிக்கு அந்தச் சூடு போதாது. ஒரு மாதம் நிழலில் உலர்ந்த தாழிகளைச் செங்கல் சூளைக்குள் ஏற்றி, வாசலையும் செங்கல்லாலேயே கட்டி அடைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு வார காலம் இரவு பகலாக விறகு போடுகிறார்கள். முதலில் புகையும் அளவுக்குச் சிறு தீ. மண்ணில் ஒளிந்திருக்கிற ஈரம் அவசரமாக வெளியேறினால் சுவர் வெடித்துவிடும். படிப்படியாக ஏற்றி, கடைசியில் 1000 டிகிரி செல்ஷியஸுக்கும் மேலே கொண்டுபோகிறார்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் ஓர் இரவு சூளையருகே உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. குயவரும் அவருடைய மகனும் முறை வைத்து விழித்திருந்தார்கள். முறை இல்லாதவரும் தூங்கியதாகத் தெரியவில்லை. அடுப்பு வாயின் வழியே தெரிந்த நிறத்தைப் பார்த்தே தகப்பனார் விறகைக் கூட்டவும் குறைக்கவும் சொன்னார். மூன்று மாத உழைப்பு அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே ஒரு தாழி விரிந்துவிட்டால் அதை ஒட்டவைக்கும் வித்தை எதுவும் கிடையாது. நடுநிசிக்குமேல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வந்தன. குடிக்காத விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்று சிறிது நேரம் தகப்பனும் மகனும் ஆலோசித்துவிட்டு, அன்று பகலில் பிழிந்த திராட்சைச் சாறு ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள். இனி இரண்டு வாரத்தில் அது மதுவாகியிருக்கும். நீங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டீர்கள், அவ்வளவுதான் என்று மகன் சமாதானம் சொன்னான்.

சூளை ஆறி, வாசல் சுவரைப் பிரித்த பிறகு, தாழியில் இன்னும் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும்போதே உருக்கிய தேன்மெழுகை உட்சுவரில் பூசுகிறார்கள். மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கிக் கசிவைத் தடுக்கிறது. தாழியின் மூச்சை முழுக்க அடைத்துவிடுவதும் இல்லை. வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. அதோடு குயவருடைய காரியம் தீர்ந்தது.

மிச்சக் கதை மரானி என்னும் தாழியறையில் நடக்கிறது. நான் தங்கியிருந்த வீட்டிலேயே அது இருந்தது. தரையில் வட்ட வட்டமான வாய்கள் மாத்திரம் தெரிந்தனவே ஒழிய, அவற்றின் கீழே ஆள் மூழ்கும் பள்ளங்கள் இருப்பதை நம்புவது கஷ்டம். காகேத்தி சம்பிரதாயப்படி, நசுக்கிய ரக்காட்சிதெலி திராட்சையின் சாற்றோடு தோல், விதை, காம்பு யாவற்றையும் சேர்த்தே தாழியில் விடுகிறார்கள். நுரைத்துப் பொங்குகிற நாட்களில் மேலே மிதக்கும் சக்கையைத் தினந்தோறும் பல முறை நீண்ட கோலால் கீழே அமிழ்த்தி, கொதிப்பு அடங்கியதும் கல் மூடி வைத்து மண்ணால் அடைத்து, வசந்தம் வரையில் திறப்பதில்லை. மண்ணுக்கடியில் வேனிலும் பனியும் அதிக வித்தியாசம் காட்டாதபடியால் குளிர்சாதன யந்திரம் தேவைப்படவில்லை. கூரான அடிப்பாகத்தின் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று: கசப்பு மிகுந்த விதைகள் முதலில் அந்தக் குறுகிய நுனியில் போய்த் தங்க, அவற்றின் மேல் தோல்கள் படிந்து மூடிக்கொள்ள, மது விதைகளோடு அதிக உறவில்லாமல் தெளிகிறது. வெள்ளைத் திராட்சையாயினும், தோலோடு ஆறு மாதம் கிடந்த காரணத்தால், மது தேன் நிறமாக வெளிவருகிறது. அதை மொள்ளுவதற்கு நீண்ட காம்புள்ள சுரைக்குடுக்கையை அந்த வீட்டு அம்மாள் ஆணியிலிருந்து எடுத்துக் காட்டியபோது, உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் சுரைக்காயிடமிருந்து தப்ப முடியாது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மதுவை எடுத்த பின் தாழியைக் கழுவுவது மகா சிரமமான பணி. செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கோலில் பொருத்திய தேய்ப்பானால் சுவரைத் தேய்த்துத் தேய்த்து, ஊற்றிய தண்ணீர் தெளிவாகத் திரும்பி வருகிற வரையில் இறைக்க வேண்டும். பெரிய தாழியானால் ஆளே உள்ளே இறங்குகிறார். சுற்றுலாப் பிரசுரங்களின் வர்ணப் படங்களில் இந்த மனிதரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. தெலாவிப் பக்கத்து அலாவெர்தியில் பதினோராம் நூற்றாண்டுப் பெருங்கோயிலை ஒட்டிய மடத்துத் துறவிகளும் இந்தக் குவெவ்ரிகளில்தான் மது வடிக்கிறார்கள். இகால்தோ மடத்து வளாகத்தில் பழைய தாழிகள் புல்லில் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

தாழி வனைகிற தொழில் நொடித்துப்போகாமல் பிழைத்ததற்கு அரசியலும் ஒரு காரணம். சோவியத் ஆட்சியில் ஆலைகள் பெரிய தொட்டிகளில் மதுவைப் பெருக்கின. தாழி குடியானவர்களின் வீட்டோடு நின்றது. 1985-இல் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. 2006-இல் பிரதான வாடிக்கையாளரான ருஷ்யா ஜார்ஜிய மதுவுக்குத் தடை விதித்து, 2013 வரையில் கதவை அடைத்துவிட்டது. வேறு சந்தைகளைத் தேடி அலைந்தவர்களுக்கு, மேற்கு நாடுகளில் அபூர்வமான சரக்கு தங்களிடம் இருப்பது அப்போது நன்கு தெரியவந்தது. இத்தாலியில் யோஷ்கோ கிராவ்னர் என்ற பெயர்பெற்ற தோட்டக்காரர் அதற்கு முன்பே, 2000-இல், ஜார்ஜியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, தம்முடைய மதுவை இந்தத் தாழிகளில் புளிக்கவைக்கத் தொடங்கியிருந்தார்.

நான் புறப்படுகிற தினத்தில் விடைபெற்றுக்கொள்ளப் பட்டறைக்குப் போனபோது, அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து போவதற்காகச் சாக்கட்டியால் எழுத்துக் குறித்து வைத்திருந்த தாழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவர், தமக்கு அறுவடைக்குள் ஒரு தாழி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெளிநாட்டு ஆர்டர் முடியாமல் முடியாது என்றார் குயவர். "உன் பாட்டன் என் பாட்டனுக்குச் செய்து கொடுத்த தாழி விரிசல் விட்டுவிட்டது, அதற்கு ஜவாப்தாரி யார்?" என்று கேட்டார் கிழவர். "எத்தனை வருஷம் உழைத்தது?" "அதெல்லாம் யார் எண்ணினார்கள்?" குயவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் முற்றத்தைச் சுற்றி வந்து, மூலையில் குறியீடு ஏதும் இல்லாமல் நின்ற நடுத்தரத் தாழி ஒன்றைக் கணுவால் தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, விலையைச் சொன்னார். விலை அதிகம் என்றார் கிழவர். மொழிபெயர்க்கிற இளைஞர் அதற்குமேல் எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவரும் கிழவர் பக்கம் சேர்ந்துகொண்டு பேரம் பேசத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் கொண்டுவந்து எடுத்துக்கொள்வது என்று கடைசியில் ஏற்பாடாயிற்று.